பேரரசின் பாவமும் தீர்க்கதரிசிகளின் தீர்ப்பும்: திருகோணமலைத் துறைமுகத்தை முன்வைத்துச் சில குறிப்புகள்

திருகோணமலை நகரிலிருந்து நிலாவெளி வீதியில் வடக்கே செல்வோர் உப்புவெளியில் ஒரு மயானத்தைக் காண்பர். இரண்டாம் உலகப் போரில் மாண்ட பொதுநலவாயப் படையினர் முந்நூறு பேருக்கு மேல் அங்கு அடக்கஞ் செய்யப்பட்டுள்ளனர். அதற்கப்பால், சாம்பல்தீவை அண்டிக் கடலோரத்தில் அமைந்திருப்பது, முத்துமாரியம்மன் கோயிலாற் பெயர்பெற்ற சல்லி என்னும் மீனவர் சிற்றூர். தெற்கே, சுவாமிமலையில், கோணேசர் கோயிலின் கற்களையும் கொண்டு எழுப்பப்பட்ட கோட்டை நிற்கிறது. கோயில், கோட்டை, மயானம், மீனவர் குடியிருப்பு ஆகிய நான்கும் அடங்கிய இச்சிறு நிலப்பரப்பு, பேரரசுகள் ஏன் விழுகின்றன என்ற வினாவை எழுப்புதற்கு மிகவும் பொருத்தமானது.

இவ்வினாவுக்குப் பொருளியல் சார்ந்த விடைகள் பல உண்டு. அவை இன்றியமையாதனவும் ஆகும். ஆயின் விவிலியத்தின் தீர்க்கதரிசன நூல்கள் இதனை அறத்தின் வினாவாக எழுப்பியுள்ளன. ஒரு நாடு நாடென்ற வகையிற் பாவஞ் செய்ய முடியுமா? முடியுமாயின் அதற்கு விடை சொல்லவேண்டியவர் யார்? இக்கருத்து பேரரசுகளுக்கு எதிராக எழுந்தது. பின்னர் பேரரசுகளே அதனை எடுத்தாண்டன. இவ்விரு நிலைகளையும் பிரித்துக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். விசுவாசத்தை வலியுறுத்துவதோ மறுப்பதோ இங்கு கருதப்படவில்லை.

1. குற்றப்பட்டியல்

கி.மு. எட்டாம் நூற்றாண்டினரான ஆமோஸ் நாடுகளின் பாவத்தைப் பட்டியலிட்டவர்களுள் முதன்மையானவர். அவரது நூலின் முதலிரண்டு அதிகாரங்களும் இஸ்ரவேலைச் சூழ்ந்த நாடுகளை ஒவ்வொன்றாக விசாரணைக்கு அழைக்கின்றன. அந்நாடுகள் மீது சுமத்தப்படுங் குற்றங்கள் எவை என்பது கவனித்தற்குரியது. அவை வேற்றுத் தெய்வங்களை வணங்கியமை அங்கு குற்றமாகக் கூறப்படவில்லை. வென்ற நிலத்து மக்களை இரும்புக் கருவிகளாற் போரடித்தமை, சிறைப்பட்ட ஒரு முழுச் சமுதாயத்தையே அடிமைகளாக விற்றமை, எல்லையை விரிவாக்கும் பொருட்டுக் கருவுற்ற பெண்களின் வயிற்றைக் கிழித்தமை என்பனவே குற்றங்களாம். மோவாப் நாட்டின் மீதுள்ள குற்றச்சாட்டு இன்னும் நுண்ணியது. அந்நாடு ஏதோம் மன்னனின் எலும்புகளை எரித்தது. ஏதோமோ இஸ்ரவேலின் பகைநாடு. பகைவனுக்கு இழைக்கப்பட்ட அநீதியும் இறைவனின் கணக்கில் வருகிறது என்பதே இதன் பொருள். இனத்தையும் சமயத்தையுங் கடந்த பொது அறம் ஒன்று இங்கு கருதப்படுவது தெளிவு.

கேட்போர் மகிழ்ந்து தலையசைத்துக் கொண்டிருக்கையில் ஆமோஸ் தம் சொந்த நாட்டை நோக்கித் திரும்புகிறார். ஏழையை ஒருசோடிச் செருப்பு விலைக்கு விற்ற இஸ்ரவேலும் அதே வரிசையில் நிறுத்தப்படுகிறது. தெரிந்தெடுக்கப்பட்ட மக்கள் என்ற நிலை தண்டனையிலிருந்து விலக்களிக்கவில்லை. மாறாக, பொறுப்பைக் கூட்டுகிறது. அயலாரின் பாவத்தை மட்டுமே எண்ணுகின்ற தீர்க்கதரிசனம் முழுமையானதன்று என்பது இதனாற் பெறப்படும் முதல் அளவுகோல்.

இரண்டாவது அளவுகோலை ஏசாயாவின் பத்தாம் அதிகாரம் தருகிறது. அசீரியா இறைவனின் கையிலுள்ள கோல் என்று அங்கு கூறப்படுகிறது. ஒரு நாட்டின் அநீதியைத் தண்டிக்க அக்கோல் பயன்படுகிறது. ஆனால் கோலோ தன்னைக் கையாள்பவனை மறந்து, எல்லாம் தன் வலிமையால் நிகழ்ந்தன என்று பெருமை கொள்கிறது. நாடுகளை அழிப்பதையே நோக்கமாகக் கொள்கிறது. ஆகவே கோலும் முறிக்கப்படும். வெற்றி பெற்றமையை நீதியின் சான்றாகக் கொள்ள முடியாது என்பதே இவ்வுருவகத்தின் உட்கிடை. அசீரியத் தலைநகரான நினிவே கி.மு. 612இல் வீழ்ந்தது. நாகூம் என்னும் சிறு நூல் அவ்வீழ்ச்சியைப் பாடுகின்றது. அசீரியாவை வீழ்த்திய பாபிலோன் கி.மு. 539இற் பாரசீகரிடம் வீழ்ந்தது.

தானியேல் நூலின் ஐந்தாம் அதிகாரத்தில் வரும் சுவரெழுத்து யாவரும் அறிந்ததே. பெல்ஷாத்சார் விருந்து கொண்டாடுகிறான். எருசலேம் ஆலயத்திலிருந்து கொள்ளையிட்ட கலங்களில் மது வார்க்கப்படுகிறது. ஒரு கை தோன்றிச் சுவரில் எழுதுகிறது. எண்ணப்பட்டது, நிறுக்கப்பட்டது, பிரிக்கப்பட்டது என அதற்குப் பொருள் கூறப்படுகிறது. பிரான்சிய அறிஞர் கிளெர்மொன்-கானோ 1886இல் இச்சொற்கள் மினா, சேக்கல், அரை மினா என்னும் நிறைகளின் பெயர்கள் என விளக்கினார். அரசு தராசில் வைக்கப்பட்டுச் சில்லறையாக மாற்றப்படுகிறது என்பது இதன் நயம். எடை போடுபவர் எவரோ அவரே வணிகத்தின் தலைவர் என்று எண்ணிய பேரரசு, இங்கு தானே எடைபோடப்படும் பண்டமாகிறது.

2. துறைமுகத்தின் புலம்பல்

திருகோணமலையை மனதிற்கொண்டு வாசிப்பவரை எசேக்கியேல் நூலின் 26 முதல் 28 வரையான அதிகாரங்கள் பெரிதும் ஈர்க்கும். தீரு என்னும் பினீசியத் துறைமுக நகரைப் பற்றியவை அவை. தீரு ஓர் அழகிய கப்பலாக உருவகிக்கப்படுகின்றது. அதன் பலகைகளும் பாய்மரமும் துடுப்புகளும் எந்தெந்த நாட்டிலிருந்து வந்தன, எந்தெந்த நாட்டார் எப்பண்டங்களை அங்கு விற்றனர் என்ற நீண்ட பட்டியல் தரப்படுகிறது. பின்னர் அக்கப்பல் நடுக்கடலில் உடைகிறது. அதன் குற்றமாகக் கூறப்படுவது வணிகத்தின் மிகுதியால் வந்த வன்முறையும், செல்வத்தால் தன்னையே தெய்வமென எண்ணிய செருக்குமாகும்.

ஏறத்தாழ கி.பி. 95ஐ ஒட்டி எழுந்ததாகப் பெரும்பாலான அறிஞர் கருதும் வெளிப்படுத்தின விசேஷம், அதன் 18ஆம் அதிகாரத்தில் இப்பகுதியைப் பின்பற்றி உரோமைப் பேரரசின் வீழ்ச்சியைப் பாடுகின்றது. உரோமை அங்கு பாபிலோன் எனப்படுகிறது. அரசர், வணிகர், மாலுமிகள் என மூவகையினர் தொலைவில் நின்று புலம்புகின்றனர். தங்கள் சரக்கை இனி வாங்குவாரில்லையே என்பதே வணிகரின் துயரம். பொன்னில் தொடங்கும் அச்சரக்குப் பட்டியலில் முத்தும் யானைத் தந்தமும் கறுவாவும் உள. பட்டியலின் ஈற்றில் மனித உடல்களும் உயிர்களும் வைக்கப்பட்டுள்ளன. இவ்வைப்புமுறை தற்செயலானதன்று. மற்றெல்லாப் பண்டங்களும் எதன்மேல் நிற்கின்றன என்பதை அது சுட்டுகிறது.

முத்து, தந்தம், கறுவா, அடிமை ஆகிய நான்கும் இலங்கையின் காலனித்துவ வரலாற்றை அறிந்தோருக்குப் புதியனவல்ல. கறுவாவின் பொருட்டே போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் இத்தீவின் கரையோரங்களுக்காகப் போரிட்டனர். மன்னார்க் குடாவின் முத்துக்குளிப்பு மூன்று ஐரோப்பிய வல்லரசுகளுக்கும் வருவாய் தந்தது. 1659க்கும் 1661க்கும் இடையில் தஞ்சைப் பகுதியைப் பஞ்சம் வாட்டியபோது, ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியார் நாகப்பட்டினம் முதலிய துறைகளில் ஆயிரக்கணக்கான தமிழரை அடிமைகளாக வாங்கி இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் ஏற்றினர். திருமறை நூலின் பழம் பட்டியல் நமது கரைகளில் மீண்டும் எழுதப்பட்டதென்றே கூறவேண்டும். அக்கம்பனியும் 1799ஆம் ஆண்டின் இறுதியிற் கடனில் மூழ்கிக் கலைக்கப்பட்டது.

3. கோணமலையின் எதிர்வுகூறல்

பேரரசுகளின் வரிசையையும் முடிவையும் முன்னுரைக்கும் மரபு திருகோணமலைக்கும் உரியதாகும். போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீன் த சாவின் ஆட்சிக் காலத்தில், 1622 முதல் 1624 வரையான ஆண்டுகளில், கோணேசர் கோயில் இடிக்கப்பட்டுக் கோட்டை கட்டப்பட்டது. அக்கோட்டை வாயிலில், பாண்டியரின் கயற் சின்னத்துக்கு அண்மையில், சிதைந்த தமிழ்க் கல்வெட்டொன்று உள்ளது. குளக்கோட்டன் முன்பு செய்த திருப்பணியைப் பறங்கியர் பின்பு அழிப்பர் என்றும், அவர்க்குப் பின் வெவ்வேறு கண்ணிறங் கொண்டோர் ஒருவர்பின் ஒருவராக வந்து போவர் என்றும் அதற்குப் பொருள் கூறுவது மரபு. அதன் காலத்தையும் பாடத்தையும் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும் மக்கள் நினைவில் அஃது ஆழப் பதிந்துள்ளது.

தானியேலின் இரண்டாம் அதிகாரத்தோடு இதனை ஒப்பிடுதல் பயனுடைத்து. பொன்னாலான தலை, வெள்ளி மார்பு, வெண்கல வயிறு, இரும்புக் கால், இரும்பும் களிமண்ணுங் கலந்த பாதம் எனப் பேரரசுகள் ஒரே சிலையின் உறுப்புகளாகக் காட்டப்படுகின்றன. கைகளாற் பெயர்க்கப்படாத ஒரு கல் வந்து அச்சிலையை நொறுக்குகிறது. அந்நூல் தன் இன்றைய வடிவைக் கி.மு. 167-164 ஆகிய ஆண்டுகளை ஒட்டி, அந்தியோக்கஸ் எப்பிபானஸ் எருசலேம் ஆலயத்தைத் தீட்டுப்படுத்திய காலத்திற் பெற்றது என்பது ஆய்வாளர் பெரும்பாலோரின் முடிபு. அவ்வாறாயின் நடந்து முடிந்த வரலாறும் அங்கு எதிர்வுகூறலாக அமைக்கப்பட்டுள்ளது. அதனால் அதன் பெறுமதி குறைந்துவிடாது. ஆலயத்தை இழந்த மக்கள், தம்மை ஆள்வோர் முதல்வருமல்லர், கடைசியானவரும் அல்லர் என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்ட உறுதிமொழி அது. கோணமலை மரபின் சமூகப் பணியும் அத்தகையதே.

நிகழ்ந்தவை அம்மரபைப் பொய்ப்பிக்கவில்லை. கொன்ஸ்தந்தீன் த சா 1630இல் ஊவாவில் கண்டிப் படையினரால் கொல்லப்பட்டார். 1639இல் ஒல்லாந்தர் கண்டி மன்னனோடு சேர்ந்து திருகோணமலையைக் கைப்பற்றினர். 1782ஆம் ஆண்டு சனவரியிற் பிரித்தானியரும் ஓகஸ்டில் சுவ்றன் தலைமையிற் பிரான்சியரும் அதே கோட்டையைப் பிடித்தனர். 1795இற் பிரித்தானியர் மீண்டும் வந்தனர். 1803இல் கோட்டைக்குப் பிரெடரிக் என்று பெயரிட்டனர். 1942 ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் துறைமுகத்தின்மீது குண்டு வீசின. 1957 ஒக்டோபரில் கடற்படைத் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. 1950இல் நிலத்திலிருந்து வெளிப்பட்ட திருவுருவங்களோடு கோணேசர் கோயில் புதுக்கப்பட்டு 1963இற் குடமுழுக்குக் கண்டது.

4. பேரரசின் நாவில் தீர்க்கதரிசனம்

தம் வீழ்ச்சியை ஆள்வோர் எவ்வாறு விளங்கிக்கொண்டனர் என்பது அடுத்து நோக்கற்பாலது. பெர்னாவோ த குவேறோஸ் என்ற இயேசு சபைத் துறவி கோவையில் தங்கி 1680களில் இலங்கை பற்றிய பெருநூலொன்றை எழுதி முடித்தார். இலங்கையைப் போர்த்துக்கேயர் இழந்தமைக்கு அவர்களுடைய பாவங்களே காரணம், அஃது இறைவன் அளித்த தண்டனை என்பது அவரது கருத்து. அதிகாரிகளின் பேராசையையும் குடிகளுக்கு இழைத்த கொடுமையையும் அவர் மறைக்கவில்லை. இவ்வளவிற் குவேறோஸ் ஆமோசின் வழியில் நிற்கிறார். ஆயினும் கோயில்களை இடித்தமை அவரது பாவப் பட்டியலில் இடம்பெறவில்லை. பாவம் நீங்கினால் தீவை மீண்டும் வெல்லலாம் என்பதே அவரது எதிர்பார்ப்பு. ஆக்கிரமிப்பின் முறைகேடுகள் அவருக்குப் பாவம், ஆக்கிரமிப்புப் பாவமன்று.

பிரித்தானியரிடத்தும் இதனைக் காணலாம். 1857இல் இந்தியாவிற் பெருங் கிளர்ச்சி மூண்டபோது, ஒக்டோபர் 7ஆம் நாள் பிரித்தானியாவெங்கும் தேசிய நோன்பும் தாழ்மையும் அனுசரிக்கும் நாளாக அறிவிக்கப்பட்டது. அன்று இலண்டன் பளிங்கு மாளிகையில் சார்ள்ஸ் ஸ்பர்ஜன் 23,000 பேருக்கு மேற்பட்டோர் முன்னிலையிற் போதித்தார். மீகா நூலில் இறைவனின் கோலுக்குச் செவிகொடுக்குமாறு கூறும் பகுதியே அவர் எடுத்துக்கொண்ட பொருள். இங்கிலாந்தின் செல்வர் தொழிலாளரை ஒடுக்குவதையும் அவர் சுட்டிக்காட்டினார். இந்தியாவைப் பொறுத்தவரை அவர் முன்னிறுத்திய பாவமோ, இந்துக்களின் வழிபாட்டை அரசு சகித்துக்கொண்டமையாகும். அபினி வாணிபத்தையும் பேராசையையும் கண்டித்த போதகர் சிலரும் அன்று இருந்தனர். எனினும் கிளர்ந்தெழுந்தோரை வாளால் ஒடுக்குவது நீதியே என்பதில் ஐயங் கொண்டோர் மிகச் சிலரே. ஆமோஸ் குற்றமாகக் கூறியதை விடுத்து, அவர் அயல்நாடுகள்மீது குற்றமாகக் கூறாததைப் பாவமாகக் காணும் தலைகீழ் வாசிப்பு இது.

விதிவிலக்குகள் இல்லாமலில்லை. ஸ்பானியத் துறவியான பர்தலோமே த லாஸ் கசாஸ், அமெரிக்கப் பழங்குடியினருக்கு இழைத்த கொடுமைகளின் பொருட்டு இறைவனின் சினம் ஸ்பெயின்மீது இறங்கும் என்று 1564இல் தம் இறுதி விருப்ப ஆவணத்தில் எழுதினார். வெற்றியின் உச்சத்திலிருந்த தம் சொந்த நாட்டை நோக்கி அவர் அவ்வாறு கூறினார் என்பது குறிப்பிடத்தக்கது. தோற்றபின் வரும் ஒப்புதலுக்கும் வென்றுகொண்டிருக்கையில் வரும் எச்சரிக்கைக்கும் உள்ள வேறுபாடே உண்மைத் தீர்க்கதரிசனத்தை இனங்காட்டுவது.

5. தண்டனை யார் தலையில்?

தேசியப் பாவம் என்னுங் கொள்கையின் மிகக் கடினமான பகுதி இனிமேல்தான் உள்ளது. ஆள்வோர் செய்த பாவத்துக்குக் குடிகள் ஏன் துன்புற வேண்டும்? விவிலியமே இதனோடு போராடியிருக்கிறது. தந்தையரின் அக்கிரமம் பிள்ளைகளிடம் விசாரிக்கப்படும் என்று யாத்திராகமம் கூறுகிறது. எசேக்கியேலின் 18ஆம் அதிகாரமோ, தந்தையர் புளித்த திராட்சையை உண்ணப் பிள்ளைகளின் பல் கூசிற்று என்ற பழமொழியையே ஒதுக்கிவிட்டு, பாவஞ் செய்தவனே விடை கூறவேண்டும் என்கிறது. பத்து நீதிமான்களின் பொருட்டு ஒரு நகரைத் தப்பவிடுமாறு ஆபிரகாம் இறைவனோடு வாதாடுகிறார். நினிவே அழியவில்லையே என்று சினந்த யோனாவிடம், வலக்கைக்கும் இடக்கைக்கும் வேறுபாடறியாத இலட்சத்து இருபதினாயிரம் பேரும் பல கால்நடைகளும் அந்நகரில் இருப்பதை இறைவன் நினைவூட்டுகிறார். பேரரசின் தலைநகரிலும் குழந்தைகள் உள்ளனர்.

தமிழ் மரபும் இவ்வினாவை அறியும். அரசியலிற் பிழைத்தோர்க்கு அறமே கூற்றாகும் என்பதைச் சிலப்பதிகாரம் தன் நோக்கங்களுள் ஒன்றாகக் கொண்டது. கொடுங்கோலால் அல்லற்பட்டோர் அழுத கண்ணீர் அரசின் செல்வத்தைத் தேய்க்கும் படை என்பது வள்ளுவர் கருத்து. மதுரையை எரிக்கும் கண்ணகியும் முதியோரையும் குழந்தைகளையும் பசுக்களையும் விலக்குமாறு தீக்கடவுளுக்கு ஆணையிடுகிறாள். யோனாவின் கால்நடைகளும் மதுரையின் பசுக்களும் ஒரே மனச்சான்றின் வெளிப்பாடுகளாம். புகார் நகர் கடல்கொண்டமைக்கு மணிமேகலை கூறுங் காரணமோ வேறு: இந்திரவிழா எடுக்கப்படவில்லை என்பதே அது. அறப்பிழைக்கு வருந் தண்டனையும் வழிபாட்டுப் பிழைக்கு வருந் தண்டனையும் நமது இலக்கியத்திலும் அருகருகே நிற்கின்றன. எதனை ஏற்பது என்பதை வாசகரே தீர்மானிக்க வேண்டியுள்ளது.

இத்தீர்மானம் ஏட்டளவில் நிற்பதன்று. 2004 டிசம்பர் 26ஆம் நாள் கடல் எழுந்து சல்லி உட்பட நமது கிழக்குக் கரையூர்களைத் தாக்கியது. இலங்கையில் முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதனைப் பாவத்தின் சம்பளம் என விளக்கிய குரல்கள் பல சமயங்களிலும் எழுந்தன. 2009 மே மாதத்தில் முடிவுற்ற போரின் பேரழிவையும் அவ்வாறே விளக்கியோர் உளர். லூக்கா நற்செய்தியின் 13ஆம் அதிகாரம் இதற்கு நேரான மறுமொழியைக் கொண்டுள்ளது. பிலாத்து கொன்ற கலிலேயரும், சீலோவாமில் கோபுரம் விழுந்து இறந்த பதினெண்மரும் பிறரிலும் மிக்க பாவிகள் அல்லர் என்று இயேசு கூறுகிறார். மாண்டோரை ஆராய்வதை விடுத்து உயிரோடிருப்போர் தம்மை ஆராயவேண்டும் என்பது அதன் கருத்து. தீர்க்கதரிசிகள் அரண்மனை வாயிலில் நின்று பேசினர். அச்சொற்களை எடுத்துவந்து கரையில் பிள்ளையைப் பறிகொடுத்த தாயின்முன் கூறுவது அவர்களுக்குச் செய்யும் துரோகமாகும்.

எதிர்வுகூறல் எந்திரமாகச் செயற்படுவதில்லை என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும். பாபிலோனிய மன்னன் தீருவை அழிப்பான் என்று எசேக்கியேல் உரைத்தார். நீண்ட முற்றுகையின் பின்னும் அம்மன்னனுக்கு அதற்கேற்ற கூலி கிட்டவில்லை என்று 29ஆம் அதிகாரம் வெளிப்படையாகவே ஒப்புகிறது. அந்நகரைக் கி.மு. 332இல் வீழ்த்தியவர் அலெக்சாந்தர். மனந்திரும்பினால் தீர்ப்பு மாறும் என்று எரேமியா நூலின் 18ஆம் அதிகாரம் கூறுகிறது. ஆகவே வீழ்ச்சியின் நாளைக் கணிப்பது தீர்க்கதரிசனத்தின் உயிர்நிலையன்று; அநீதியைப் பெயர் சொல்லிச் சுட்டுவதே உயிர்நிலை.

துறைமுகத்தின் வரலாறு முடிந்துவிடவில்லை. 1987 யூலையில் இந்தியாவும் இலங்கையும் பரிமாறிய கடிதங்களில் திருகோணமலை இடம்பெற்றது. பிரித்தானியர் அமைத்த எண்ணெய்த் தாங்கிகளுள் 99 தாங்கிகளைப் பங்கிடும் உடன்பாடு 2022 சனவரியில் கைச்சாத்தாகியது. சரக்குப் பட்டியல்கள் இன்றும் எழுதப்படுகின்றன. அவற்றின் ஈற்றில் மனிதர் வைக்கப்பட்டுள்ளனரா என்று பார்ப்பது ஆமோசிடமிருந்து நாம் கற்கக்கூடிய வாசிப்பு முறையாகும். அயலாரின் பட்டியலை மட்டுமன்றி நமது பட்டியலையும் அவ்வாறே வாசிக்கவேண்டும். சாதியால் ஒதுக்கப்பட்டோருக்கும், நம் பெயரால் வதைக்கப்பட்டோருக்கும், நம்மிடையே வாழும் பிற சமூகத்தாருக்கும் நாம் இழைத்தவற்றை எண்ணாமல் பறங்கியரின் பாவத்தை மட்டும் எண்ணுவோமாயின், ஆமோசின் முதல் அதிகாரத்தை மட்டும் படித்துவிட்டு நூலை மூடியவர்களாவோம்.